பதினேழாவது இடம்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலை நடையை முடித்துக்கொண்டு அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தபோது அந்தப் பேச்சு எழுந்தது. “டீச்சரம்மா என்ன, சும்மாவா நம்மளக் கூட்டிட்டுப் போனாங்க? பதினேழு தலையை எண்ணிக் காட்டிட்டு அவங்க ஓசியில கப்பல் ஏறிட்டாங்கல்ல. நம்ம காசுலதானுங்க அவங்க டூரு.” சொன்னவர் வெளியாள் இல்லை. அந்தக் கப்பலில் எங்கள் அறைக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவர். கடைசி நாள் இரவு மேல்தளத்தில் நின்றுகொண்டு, இந்த வயதில் இப்படியொரு கடலைப் பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை என்று கண் கலங்கியவர். சுற்றி நின்ற நான்கைந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் வீட்டுக்கு வந்ததுதான் இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் போய்க் கப்பலேறிய அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் டீச்சரம்மா, நான் இல்லை. முழுக் காசும் கட்டிப் போன 17 பேரில் ஒருவன். வங்கியில் பற்றும் வரவும் பார்த்தே வேலை நாட்களைக் கழித்தவன். எனவே இந்தக் குற்றச்சாட்டைக் கணக்காகவே எடுத்துப் பார்க்க எனக்குத் தெரியும், உரிமையும் உண்டு.

டீக்கடையில் கேட்ட கருத்து அங்கே நின்ற நாலைந்து பேருடையது மட்டும் அல்ல. சேலத்தில் யார் குழுவாகச் சுற்றுலா போனாலும், காசி ஆனாலும் கப்பல் ஆனாலும், திரும்பி வந்ததும் இதே பேச்சுதான். கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ஏதாவது சலுகை கிடைத்தால் அது நம்மிடமிருந்து எடுத்தது. நல்ல மனதோடு செய்கிறவர் ஒரு பைசாவும் தொடக்கூடாது. அப்படியே கிடைத்தாலும் அதை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றும் தவறு.

கப்பல் கம்பெனிகள் குழுவுக்கு என்ன கொடுக்கின்றன, ஏன் கொடுக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உலகம் முழுக்கப் பெரும்பாலான கம்பெனிகளில் குழு என்றால் குறைந்தது 8 அறை, 16 பேர். அந்த அளவுக்கு அறைகளை ஒரே பெயரில் பிடித்து வைக்கலாம். சிறு முன்பணத்தோடு, குறிப்பிட்ட தேதிவரை அன்றைய விலையிலேயே அறைகள் நமக்காகக் காத்திருக்கும். 16 பேர் முழுக் கட்டணம் கட்டினால் ஓர் ஆளுக்குக் கட்டணம் கிடையாது. சில கம்பெனிகளில் 15 பேர் கட்டினால் 16ஆவது ஆளுக்குக் கிடையாது. இதோடு கப்பலுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் பணம், அல்லது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரே நேரத்தில் மேசை, ஒரு மாலை விருந்து, குழுவாக ஒரு படம் என்று அந்தந்தக் கம்பெனி ஏதாவது சேர்த்துத் தரும்.

இதைக் கம்பெனி தர்மத்துக்குச் செய்வதில்லை. கப்பல் கிளம்பிய பிறகு காலியாகக் கிடக்கும் அறைக்கு ஒரு ரூபாய் மதிப்புகூடக் கிடையாது. 9 அறையைத் தனித்தனியாக விற்க வேண்டுமென்றால் ஒன்பது குடும்பத்திடம் பேச வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும், ஒன்பது தடவை தரகு கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஓர் ஆள் தலையில் எடுத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தால், விற்பனைச் செலவுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து அவருக்கு ஓர் இடம் போகிறது. அந்த இடத்தை டீச்சரம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எங்கள் 17 பேரின் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் தானாகக் குறைந்திருக்காது. அது கப்பல்காரன் கல்லாவுக்கே திரும்பிப் போயிருக்கும். “நம்ம காசுல” என்ற சொல் இங்கேயே உடைந்துவிடுகிறது.

அதுவும் முழு இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழிவது கப்பல் கட்டணம் மட்டும்தான். துறைமுக வரி, கப்பல் ஊழியருக்கு நாள் கணக்கில் பிடிக்கும் டிப்ஸ், விமானம், விசா, காப்பீடு எல்லாம் அவரும் எங்களைப் போலவே கட்டினார். அறையில் படுக்கும் முதல் இரண்டு பேரைத்தான் பல கம்பெனிகள் எண்ணிக்கையில் சேர்க்கும். மூன்றாவதாக, நான்காவதாக அதே அறையில் சேரும் பேரப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காது. எங்கள் குழு 18 பேர், 9 அறை, ஓர் அறையில்கூட மூன்றாவது ஆள் இல்லை. அதனால்தான் அந்த எண்ணிக்கை தேறியது.

ஒரு பேச்சுக்கு, ஆளுக்குக் கப்பல் கட்டணம் 34,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 34,000-ஐ அவர் 17 பேருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் எனக்கு 2,000 ரூபாய் வந்திருக்கும். அவர் செய்த வேலையையும் கணக்கில் எழுதுவோம். ஐந்து மாதம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்தே போடுகிறேன். 150 மணி நேரம். மணிக்கு 230 ரூபாய்கூட வரவில்லை. அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். அதே நேரத்தில் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்திருந்தால் இதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும்.

அந்த 150 மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது டீக்கடையில் தலையாட்டியவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் பாதி வேலை எங்கள் பெயரைச் சரி செய்வதிலேயே போனது. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர், கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயர், ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் வேறு மாதிரி. கப்பல் பட்டியலிலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் பதறினார்கள் என்பது நினைவிருக்கும். சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் எங்களில் ஐந்து பேர் பெயரை அவர் இரண்டு மூன்று முறை திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் பாஸ்போர்ட் காலாவதியாக நாலே மாதம் இருந்தது. ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று அவரை நச்சரித்துப் புதுப்பிக்க வைத்தார். இன்னொருவருக்கு முட்டி வலி, லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டும். இரண்டு பேருக்கு இன்சுலின் ஊசி, அறையில் குளிர்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கினார். வெங்காயம் பூண்டு சேர்க்காத அம்மா ஒருவர். சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், ஆனால் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. எல்லாரையும் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, காபி கொடுத்து, ஒவ்வொருவர் போனையும் வாங்கி அவரே நிரப்பினார். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பேசியதும் அவர். நாமக்கல் தாண்டியதும் யாருக்கோ பாஸ்போர்ட் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது என்று நினைவு வந்தபோது, பதறாமல் போன் போட்டுப் பக்கத்து வீட்டுப் பையனை பைக்கில் கிளப்பியதும் அவர்.

பணத்தை அவர் கையில் வாங்கவே இல்லை என்பதை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு ஏஜென்ட் கணக்குக்கு நேரே அனுப்பச் சொன்னார். “ஏன் நம்மள அலைய வைக்கிறாங்க, அவங்ககிட்டயே ஜிபே பண்ணிடலாமே” என்று அப்போதும் சிலர் முணுமுணுத்தார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கட்டும் பணத்தில் வருமான வரியின் டிசிஎஸ் பிடித்தம் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேலே 20 சதவீதம் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 10 லட்சமாக்கினார்கள். 17 பேர் பணத்தையும் அவர் தன் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டியிருந்தால், அத்தனையும் அவருடைய பான் எண்ணில் அவருடைய வெளிநாட்டுச் செலவாக ஏறியிருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் பெண்ணின் வரிக் கணக்கில் 10 லட்சத்துக்குச் சுற்றுலா! ஆளுக்கு ஆள் நேரே கட்டியதால், அவரவர் பிடித்தம் அவரவர் பானில் வந்தது, அவரவர் கணக்குத் தாக்கலில் அதைத் திரும்பக் கேட்கவும் முடிந்தது. வங்கியில் வேலை பார்த்த எனக்கே இதை அவர்தான் நினைவுபடுத்தினார்.

வேலையைக்கூட விடுங்கள். அவர் சுமந்த பயம் பெரிது. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு தம்பதி விலகிக்கொண்டார்கள். மகள் ஏழாம் மாதக் கர்ப்பத்தில் படுத்த படுக்கை, போக முடியாது. நியாயமான காரணம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 18 பேர் 16 ஆனோம். கட்டணம் கட்டுவோர் 15. அவருக்கான இடம் அந்த நிமிடமே போய்விட்டது. இன்னொருவரும் விலகினால் அவரோடு அறையைப் பகிர்ந்தவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேலும் குறைந்தால் குழு விலையே கையை விட்டுப் போகும். பத்து நாள் ஊரெல்லாம் போன் போட்டு, நாமக்கல்லில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதியைப் பிடித்தார். “தன் டிக்கெட்டைக் காப்பாத்தத்தான் நாமக்கல்ல ஆள் புடிச்சாங்க” என்று டீக்கடையில் இதையும் ஒரு குற்றமாகச் சொன்னார்கள். ஆமாம், தன் டிக்கெட்டுக்காகவும்தான் பிடித்தார். அதனால் என் விலை காப்பாற்றப்பட்டது, விலகிய தம்பதியின் முன்பணமும் திரும்பக் கிடைத்தது. தன் லாபமும் குழுவின் லாபமும் ஒரே திசையில் இருக்கும்படி ஒரு ஏற்பாடு அமைந்தால் அதைக் குறையென்று எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2020 மார்ச்சில் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றன. பணம் கேட்டவர்களில் பலருக்கு அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டுதான் நீட்டப்பட்டது. 2022 ஜனவரியில் கெண்டிங் ஹாங்காங் நிறுவனம் திவாலாகி, அதன் ட்ரீம் குரூஸஸும் கலைக்கப்பட்டபோது, முன்பதிவு செய்திருந்தவர்கள் கலைப்பு அதிகாரியிடம் மனுப் போட்டுக் காத்திருக்க நேர்ந்தது. அப்படி ஒன்று நமக்கு நேர்ந்தால் நாம் ஹாங்காங்குக்கா போன் போடுவோம்? டீச்சரம்மா வீட்டு வாசலில்தான் நிற்போம். அந்த வாசல் எந்நேரமும் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாம் அவரோடு போனோம். அதற்கு விலையே கிடையாதா?

இனி, நல்ல மனதோடு செய்கிறவர் எதையும் தொடக்கூடாது என்பதற்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறார்கள்! சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் சீட்டுக் கட்டாத தெரு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மகள் கல்யாணமும் ரிக் வண்டிக்கு முன்பணமும் லாரிக்கு டயரும் சீட்டுப் பணத்தில் நடந்த மண் இது. சீட்டு நடத்துகிறவருக்கு முதல் சீட்டு தள்ளுபடி இல்லாமல் போகும். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் தவணையிலேயே தன் சீட்டை முழுதாக எடுத்துக்கொள்ளும் உரிமையை நடத்துநருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. தரகாக 5 சதவீதம் வரை எடுக்கலாம் என்றும் சொன்னது. 2019இல் திருத்தம் கொண்டுவந்து அதை 7 ஆக்கினார்கள். ஏன்? வசூலிக்க அவர்தான் அலைகிறார், ஒருவர் கட்டாமல் போனால் அவர்தான் ஈடுகட்ட வேண்டும். இருபது பேர் சீட்டில் ஒருவர் ஓடிப்போனால் சீட்டுக்காரர் தன் கைப்பணத்தைப் போடுகிறார் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் முதல் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அதே நியாயம் கப்பலில் ஏறியதும் ஏன் மாறிவிடுகிறது?

மாறுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, அது நான் மிகவும் மதிக்கும் காரணம். ஆள் சேர்த்துக் கப்பலேற்றித் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனைத் தமிழர்கள் பழைய காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். அவன் பெயர் கங்காணி. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, மதுரையோடு சேலமும் ஒன்று. பஞ்சத்தில் காய்ந்த ஊருக்கு அவன் வந்தான், முன்பணம் கொடுத்தான், கூட்டிப்போனான். இலங்கைத் தோட்டங்களில் தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு. கூட்டத்தின் கடன் முழுவதையும் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதி, அந்தக் கடனை அடைக்கும் அடுத்த தோட்டத்துக்கு ஆட்களைக் கடனோடு மாற்றிவிட்டான். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வலி அது. தலையை எண்ணுகிறவனைக் கண்டால் நமக்கு உள்ளுக்குள் எச்சரிக்கை மணி அடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் கங்காணியின் கொடுமை எதில் இருந்தது என்று பார்க்க வேண்டும். தலைக்குக் காசு வாங்கியதோடு அது நிற்கவில்லை. கணக்கு அவனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு என்பது கைநாட்டு வைத்தவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. விட்டு விலகவும் அவனால் முடியவில்லை. எங்கள் குழுவில் விலகியவர்கள் முன்பணத்தோடு விலகினார்கள். ஏஜென்ட் அனுப்பிய விலைத் தாள் 18 பேர் போனிலும் இருந்தது.

மறைவுதான் விஷம் என்பதற்கு அத்தனை தூரம் போகவும் வேண்டாம். சென்னையிலிருந்து சேலத்துக்கு இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், வண்டி எந்த மோட்டலில் நிற்கும் என்பதை நம் பசி தீர்மானிப்பதில்லை. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அங்கே சாப்பாடு கணக்கில்லாமல் வரும். ஆறிப்போன இரண்டு இட்லிக்கு நாம் ஊர் விலையைப் போல இரண்டு பங்கு கொடுப்போம். அந்தச் சலுகை நம் தலையில்தான் விழுகிறது, ஏனென்றால் அது நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. நானும் அப்படி ஒரு சுற்றுலாவில் மாட்டியவன். சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு யாத்திரை. கூட்டிப்போனவர், “எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, எல்லாம் புண்ணியம்” என்று கைகூப்பினார். தங்கிய இடம், சாப்பிட்ட இடம், சாமான் வாங்கிய கடை ஒவ்வொன்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது என்பது ஊர் திரும்பியபின் தெரியவந்தது. புண்ணியம் என்று சொன்னவரை ஊர் இன்றும் நல்லவர் என்கிறது. முதல் நாளே உண்மையைச் சொன்ன டீச்சரம்மாவை ஓசி என்கிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

ஆம், முதல் நாளே சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட முதல் செய்தியிலேயே இருந்தது: 16 பேர் முழுக் கட்டணம் கட்டினால் எனக்குக் கப்பல் கட்டணம் இல்லை, மற்றச் செலவு நானும் கட்டுவேன், சம்மதம் உள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். இரண்டு கப்பல்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். எது வேண்டும் என்று எங்களைக் கேட்டார். அவருக்கு எதில் கூடுதல் சலுகை என்பதும் அதே தாளில் இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது அவருக்குக் குறைவாகக் கிடைக்கும் கப்பலை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்துக்காரர் மோட்டலில் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தாள்தான். டீக்கடையில் பேசியவரும் அந்தச் செய்திக்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். நான் தேடிப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது.

சேவையாகவே செய்யட்டுமே என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. குழுச் சுற்றுலாவுக்குத் தொடக்கம் போட்டவராக உலகம் சொல்லும் தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறக்குறைய 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கு, ஆளுக்கு ஒரு ஷில்லிங். அடுத்த சில கோடைகளில் மதுவிலக்குச் சங்கங்களுக்கும் ஞாயிறு பள்ளிகளுக்கும் இப்படியே ஏற்பாடு செய்து கொடுத்தார். 1845இல் லிவர்பூலுக்குப் போன பயணத்தில்தான் அதைத் தொழிலாக எடுத்தார். அடுத்த ஆண்டே கடனில் மூழ்கித் திவாலானார். பிறகு எழுந்தார். கூலியில்லாமல் எத்தனை கோடையைத்தான் ஒரு மனிதர் கடத்த முடியும்? கூலியே கூடாது என்று அன்றைய லெஸ்டர் ஊரார் அவரைக் கட்டிப்போட்டிருந்தால், தனியாகப் பயணம் போக வசதியோ துணிச்சலோ இல்லாத எத்தனை ஆயிரம் எளிய குடும்பங்கள் ஊரைத் தாண்டியிருக்காது.

நம் பக்கத்துக் கதையும் அதேதான். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து, கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் கிளம்பியது. 1990இல் கட்டிய, உலகமெல்லாம் ஓடிவிட்டு வந்த கப்பல். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தொட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் அஸ்தம்பட்டியில் கப்பல் என்ற சொல் பேச்சில் அடிபட ஆரம்பித்தது. கடல் இல்லாத ஊர் நம்முடையது. ஏற்காட்டைத் தவிர எங்கும் போகாமல் ஆசிரியராக, குமாஸ்தாவாக, இரும்பாலைத் தொழிலாளியாக ஓய்வு பெற்றவர்கள்தான் இங்கே அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் ஹூஸ்டனிலும் இருப்பார்கள். கூட்டிப்போக நேரம் இருக்காது. இவர்களைக் கப்பலில் ஏற்றி இறக்கிப் பத்திரமாக வீட்டில் விட, அதே தெருவில், அதே வயதில், அதே மருந்தைச் சாப்பிடுகிற ஒருவர் வேண்டும். பெரிய நிறுவனங்களின் சுற்றுலா மேலாளர் திறமைசாலியாக இருக்கலாம். உங்கள் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியாது.

எதையும் வாங்காமல் செய்ய வேண்டும் என்று அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்? ஐந்து மாதம் சும்மா உழைக்க வசதி உள்ளவர்கள் மட்டும் செய்வார்கள். அவர்கள் சில பேர்தான், அவர்களுக்கும் ஒரு தடவைக்கு மேல் பொறுமை இருக்காது. மீதி இடத்தை, வாயில் புண்ணியமும் பையில் பங்குமாக வருகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நேர்மையானவரைக் கூச வைத்து அனுப்பிவிட்டு மறைத்து எடுப்பவனை வரவேற்கிற ஊராக நாம் ஆகிவிடுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே ஏற்பாட்டை ஓர் ஆண் செய்திருந்தால் “நல்லா ஆர்கனைஸ் பண்றாருப்பா” என்றிருப்பார்கள். ஒரு பெண் செய்ததால் அவருடைய 150 மணி நேரம் வேலையாகவே கண்ணில் படவில்லை. “அவங்களுக்கு வீட்ல என்னங்க வேலை, பொழுது போகணுமில்ல” என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். முப்பது பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்த கை, எங்கள் 17 பேரின் பாஸ்போர்ட் தேதியைப் பார்த்தது. வீட்டில் ஆயுள் முழுக்கக் கணக்கில் எழுதப்படாமல் போன உழைப்புதான் இதுவும் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கப்பல் கம்பெனியாவது அதற்கு ஒரு விலை போட்டு, ஓர் இடம் கொடுத்தது. அதையும் பிடுங்கிப் பதினேழாகப் பிரிக்க வேண்டுமா?

பிரித்துக் கொடுத்தால் என்ன என்று என் மனைவியே கேட்டாள். “ரெண்டாயிரம் ரூவாய்க்கு ரெண்டு வாரத்துக்கு மளிகை வரும்” என்றாள். வரும். ஆனால் அந்த 2,000 எனக்கு வந்தால், பெயர் திருத்தம், விசா, வேன், முட்டி வலிக்கு லிஃப்டுப் பக்கத்து அறை இவற்றுக்கு நான் டீச்சரம்மாவுக்குக் கொடுத்தது பூஜ்யம் என்றாகிவிடும். ஒரு ஏஜென்ட் விசா விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கச் சேவைக் கட்டணம் கேட்டால் மறுக்காமல் கொடுக்கிறோமே!

நேற்று மாலை செர்ரி ரோட்டில் அவரைப் பார்த்தேன். பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. அடுத்த தை மாதத்துக்கு, கொழும்பு வழியாகப் போகும் ஒரு கப்பலைப் பற்றி யாரோ கேட்டார்களாம். “வேற யாராவது பாத்துக்கட்டுங்க சார், எனக்கு வேண்டாம்” என்றார். நான் பையிலிருந்த நோட்டை எடுத்து, முதல் வரியில் அவர் போன தடவை எழுதிய அதே வாக்கியத்தை எழுதினேன்: 16 பேர் கட்டினால் டீச்சரம்மாவுக்குக் கப்பல் கட்டணம் இல்லை. அதற்குக் கீழே ஒன்று என்று போட்டு என் பெயர், இரண்டு என்று போட்டு என் மனைவி பெயர். மூன்றாம் எண்ணைப் போட்டுவிட்டு நோட்டை டீக்கடைக்கு எடுத்துப் போகிறேன். கடைசி நாள் இரவு மேல்தளத்தில் கண் கலங்கியவர் நாளைக் காலை ஆறரைக்கு அங்கே இருப்பார்.